மாமன் போட்ட சீட்டு

உழுவதற்கு இன்னொருவர் வாசலில் போய் மாடு கேட்டு நிற்பது எப்படி இருக்கும் என்று, நின்றவனுக்குத்தான் தெரியும். ஏரில் வலப்பக்கம் பூட்டுகிற எங்கள் வலத்து மாடு பாறைச் சரிவில் மேயும்போது கால் வழுக்கி உருண்டு செத்துப்போனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு உழவுக்கும் நாங்கள் என் தாய்மாமன் வாசலில்தான் நின்றோம்.

எங்கள் மலையில் ஊர்கள் நாடு நாடாகப் பிரிந்திருக்கும். அரியூர் நாட்டில், பள்ளத்தில், எங்களுக்குக் கீழ் வயல் ஒன்று, மேல் வயல் ஒன்று. மழை பிடித்து மண் குழைந்ததும் உழுதுவிட வேண்டும். தள்ளிப்போட்டால் நாற்றங்காலில் நாற்று முற்றிவிடும். முற்றின நாற்றை நட்டால் தூர் கட்டாது. அறுக்கும்போது பாதி பதராகத்தான் இருக்கும். இது மாமனுக்கும் தெரியும். அவரும் அதே பள்ளத்தில் வயல் வைத்திருப்பவர்தான். இருந்தும் முதலில் தன் வயலை உழுவார், பிறகு பங்காளிகளின் வயலை உழுவார், பிறகு மாடு களைத்துவிட்டது என்று கொட்டகையில் கட்டுவார். அதற்கெல்லாம் பிறகுதான் எங்கள் இடத்து மாட்டுக்கு ஜோடியாக ஒன்றை அனுப்புவார். அதற்குள் நாற்று என் முழங்காலைத் தொட்டிருக்கும்.

அம்மா அவருக்கு மூத்தவள். அவள் போய்க் கேட்டால், "நம்ம வேலையே முடியலையேக்கா" என்பார். நான் போய்க் கேட்டால் நாலு பேரை வைத்துக்கொண்டு, "என்றா மாப்ள, மாடு வேணுமா, பொண்ணு வேணுமா?" என்பார். அவருக்கு இருப்பது இரண்டும் பையன்கள்.

"பொண்ணப் பெத்துட்டுச் சொல்லுங்க மாமா, அது வரைக்கும் மாடு போதும்" என்பேன்.

எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் மாடு மட்டும் வராது.

இரண்டாயிரத்தை ஒட்டிய ஒரு வருஷம், கோயில் நோம்பி முடிந்து கையில் வசூல் மிஞ்சியதால், கோயில் கமிட்டிக்காரர்கள் ஒரு ரம்மிப் போட்டி வைத்தார்கள். மலை முழுக்க யார் வேண்டுமானாலும் ஆடலாம், அடிவாரத்து ஆட்களும் வரலாம் என்றார்கள். இடம், வளப்பூர் நாட்டில் பஸ் திரும்புகிற இடத்தில் பலாப்பழம் ஏற்றும் ஷெட்டு. ஷெட்டு அடிவாரத்து பாய் ஒருவருடையது. கமிட்டித் தலைவராக இருந்த டீக்கடைக்காரர் போய்க் கேட்டதற்கு, "சீட்டெல்லாம் நாங்க தொடறதில்லீங்க. ஷெட்டு வேணும்னா தாரேன். ஆனா பணம் வெச்சு ஆடுனா அன்னைக்கே சாவியத் திருப்பிக் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டாராம். பணம் கூடாது என்றதும் கமிட்டிக்காரர்கள் யோசித்து, வசூலில் மிஞ்சியதைக் கொண்டுபோய் சந்தையில் ஒரு மாடு வாங்கி வந்து, ஷெட்டுக்கு வெளியே பலா மரத்தில் கட்டிவிட்டார்கள். ஜெயிக்கிறவனுக்கு அந்த மாடு.

செவலை மாடு. உழவு பழகினது. அதுவும் வலத்தில் பூட்டிப் பழகினது. தரையில் கிடந்த பலாப்பழச் சடை நாரை மென்றுகொண்டு நின்றது. நான் பார்த்த மாத்திரத்தில் மனசுக்குள் நுகத்தடி வைத்துப் பார்த்துவிட்டேன். எங்கள் இடத்து மாட்டுக்கு உயரம் சரியாக இருந்தது. அப்பா போய் அதன் பின்னங்காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்தார். பிறகு கழுத்தைத் தடவினார். நாற்றங்காலில் அன்றைக்கு நாற்று சரியான பதத்தில் நின்றது. மறுநாள் ஏர் பூட்டினால் எல்லாம் சரியாகிவிடும்.

"ஜெயிச்சுருவியா?" என்றார் அப்பா.

"நம்ம மாட்டப் பத்தரமாப் பாத்துக்குங்க" என்றேன்.

போட்டி ஆட்டம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆளுக்குப் பதிமூன்று சீட்டு. வரிசையும் செட்டும் சேர்த்து முதலில் காட்டுகிறவன் தப்பித்தான். மற்றவர்களுக்குக் கையில் சேராமல் கிடப்பதெல்லாம் புள்ளியாக ஏறும். ஒன்றுமே சேரவில்லை என்றால் எண்பது. இருநூற்றைம்பதைத் தொட்டவன் எழுந்து போக வேண்டும். நாலு பலகை போட்டிருந்தார்கள், பலகைக்கு ஒருவர் மிஞ்சுவார், அந்த நாலு பேருக்கும் கடைசிப் பலகை. கை மோசமாக இருந்தால், சீட்டு எதுவும் எடுக்காமல் கவிழ்த்து வைத்து "ஸ்கூட்டு" சொல்லலாம். அதற்கு இருபது புள்ளி மட்டும். ஒரு சீட்டு எடுத்துவிட்டு அப்புறம் கவிழ்த்தால் நாற்பது.

இதில் எங்கள் மலையாட்களுக்கு ஒரு கிறுக்குத்தனம் உண்டு. எங்கள் பக்கம் யாரும் முதல் சீட்டு எடுக்காமல் கையைக் கவிழ்க்க மாட்டார்கள். உறவுக்காரர் பிரித்துப் போட்ட சீட்டு என்றால் அதை நினைத்துப் பார்ப்பதே தப்பு. சோறு போட்ட பிறகு ஒரு வாய் கூட வைக்காமல் இலையை மூடிவிட்டு எழுந்தால் எப்படியோ அப்படி. பொழுது போகாமல் ஆடும்போது இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. போட்டியில் இது தற்கொலை. எனக்கும் அது மத்தியானம் வரைக்கும் தெரியாது.

காலையில் என் பலகையில் எல்லோரும் மலையாட்கள். எல்லோரும் எல்லாக் கையையும் ஆடினார்கள். நான் ஆடியதைவிடப் பேசியதுதான் அதிகம். ஒருவர் சீட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பார். "ஏனுங்க, அதுக்குப் பால் குடுக்கறீங்களா?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்து, பிரித்து வைத்திருந்த வரிசையைக் கலைத்து வேறு மாதிரி அடுக்கினார். எந்தப் பக்கம் ஜோக்கர் இருக்கிறது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இன்னொருவர் நல்ல சீட்டு வந்தால் மூக்கைத் தேய்ப்பார். "மூக்கு நல்லாத்தான் இருக்குது, உடுங்க" என்றதும் தேய்ப்பதை நிறுத்தினார். அப்புறம் ஒவ்வொரு தடவையும் கை மூக்கு வரைக்கும் போய்த் திரும்பியது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மனுஷனைக் கிண்டினால் உள்ளே இருப்பது வெளியே வரும் என்பது மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தராமலே தெரியும். அந்தப் பலகையில் நான்தான் கடைசி வரைக்கும் இருந்தேன்.

பக்கத்துப் பலகையில் அடிவாரத்து லாரிக்காரர் ஒருவர் ஆடினார். பலா லோடு ஏற்ற வாராவாரம் மலைக்கு வருகிறவர். முழங்கால் மேல் கைக்குட்டையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சீட்டை எடுப்பார், ஒரு தரம் பார்ப்பார், கவிழ்ப்பார், "ஸ்கூட்டுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு டீயைக் குடிப்பார். எங்கள் ஆட்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஏனுங்க, ஆட வந்தீங்களா, டீ குடிக்க வந்தீங்களா?"

"ரெண்டுந்தானுங்க" என்பார் அவர்.

நல்ல கை வந்தால் மட்டும் ஆடினார். சிரித்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசியில் பலகையில் அவரும் டீ கிளாசும்தான் மிச்சம்.

மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது அதை நினைத்து எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் கணக்கு நன்றாக வரும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கோபப்படுத்தத் தெரியாதவர், அதனால்தான் படிப்பு ஏறவில்லை. லாரிக்காரர் நாலு தடவை கவிழ்த்தால் எண்பது. எங்கள் ஆள் வீறாப்பாக ஒரு தடவை ஆடித் தோற்றால் அதே எண்பது. இவ்வளவுதான் விஷயம். இத்தனை வருஷம் கையைக் கவிழ்ப்பவன் கோழை என்று சொல்லிச் சொல்லி எங்களை நாங்களே மடையர்களாக வைத்திருந்தோம். கை வந்தால் ஆடு, வராவிட்டால் ஒதுங்கு, பிழைத்துக்கிட. மத்தியானத்துக்கு மேல் அப்படித்தான் ஆடுவது என்று இலையிலேயே முடிவு செய்தேன்.

கடைசிப் பலகைக்கு நாலு பேர். லாரிக்காரர், பெரக்கரை நாட்டு ஆள் ஒருவர், நான், என் மாமன். ஆம், அவரும்தான் ஜெயித்து வந்திருந்தார். கொட்டகையில் இரண்டு மாடு நிற்கிறது, மூன்றாவதற்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"மூணாவது மாட்ட எங்க மாமா பூட்டுவீங்க? முன்னால ரெண்டு, பின்னால ஒண்ணா?" என்றேன்.

"ஆட்டத்தப் பாரு கண்ணு" என்றார்.

லாரிக்காரர் கைக்குட்டையை விரித்துக்கொண்டே டீக்கடைக்காரரைப் பார்த்துச் சொன்னார். "ஒரே ஒரு வேண்டுகோளுங்க. தம்பி காலையில இருந்து பேசிட்டே ஆடறாப்டி. பேசாம ஆடச் சொல்லுங்க. நமக்கு வயசாச்சு, கவனம் செதறுது."

டீக்கடைக்காரர் யோசித்தார். மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். என் மாமன்தான் முதலில் ஆட்டினார். சீட்டைப் பற்றிப் பேசினால் இருபது புள்ளி என்று சட்டம் போட்டாகிவிட்டது. யாருக்காகப் போட்ட சட்டம் என்று ஷெட்டில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். எனக்குக் காது இரண்டும் சுட்டது. உழவனிடம் ஏரைப் பிடுங்கிக்கொண்டு உழச் சொல்வது மாதிரி.

சரி, வாயை மூடினேன். மூடின பிறகுதான் ஒன்று தெரிந்தது. பேசாமல் இருந்தால் கண் நன்றாக வேலை செய்கிறது. காலையில் நான் கிண்டி வெளியே எடுத்ததெல்லாம் இப்போது தானாகத் தெரிந்தது. பெரக்கரை ஆள் தேவையான சீட்டு கீழே விழுந்தால் மூச்சை நிறுத்துகிறார். மாமன் தோற்கப்போகும்போது சீட்டை வேகமாக வீசுகிறார். லாரிக்காரரிடம் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. அவர் முகம் கழுவி வைத்த தட்டு.

முதல் தடவை நான் ஸ்கூட்டு சொன்னது லாரிக்காரர் போட்ட சீட்டுக்கு. பின்னால் நின்ற எங்கள் ஊர்க்காரர்கள் முனகினார்கள்.

"என்றா இது, எடுத்துப் பாக்கவே இல்ல?"

"அடிவாரத்துத் தண்ணி ஒத்துப்போச்சாட்டம் இருக்குது."

திரும்பிப் பேச முடியாது, இருபது புள்ளி. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரக்கரை ஆள் போட்டதற்கும் ஒரு முறை கவிழ்த்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அவர் வீட்டுச் சோற்றைத் துப்பியது மாதிரி இருந்தது.

மாமன் போடும் முறை வந்தது. கை குப்பை. கவிழ்க்கத்தான் கை போனது. தலையைத் தூக்கினால் மாமன் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கொட்டகையில் நிற்கும் மாடு நினைவுக்கு வந்தது. இங்கே தோற்றால் அந்த மாட்டைத்தான் கேட்க வேண்டும். அதனால் ஒரு சீட்டு எடுத்தேன், அப்புறம் கவிழ்த்தேன். இருபதுக்குப் பதில் நாற்பது. இன்னொரு முறையும் அதே மாதிரி. இரண்டு தரம் மாமனுக்கு மரியாதை செய்ததில் எண்பது ஏறியது. அவருக்கு அது பெருமையாக இருந்திருக்கும், மீசையைத் தடவிக்கொண்டார்.

பெரக்கரை ஆள் முதலில் போனார். மாமன் எல்லாக் கையையும் ஆடினார். ஒரு தரம் எண்பது, மறு தரம் எழுபது சொச்சம், மறுபடியும் எண்பது, அதற்கு மேல் ஒரு முப்பது. எழுந்து நின்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஆம்பளையா ஆடி வெளிய வந்தேன்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஆனால் எனக்குத்தான் சொன்னார்.

இப்போது நானும் லாரிக்காரரும். நான் இருநூற்றுப் பதினைந்து. அவர் நூற்றெண்பது.

டீக்கடைக்காரர் சொன்னார். "இனிமேட்டு ரெண்டு பேர்தான். வெளிய போனவிய ஒருத்தர் சீட்டப் போடட்டும், ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கும்."

"நானே போடறேன்" என்று மாமன் உட்கார்ந்துவிட்டார். பெரக்கரை ஆள் வாயைத் திறப்பதற்குள் கட்டு அவர் கையில் இருந்தது. இனி வருகிற ஒவ்வொரு கையும் மாமன் போட்ட சீட்டு. எதைக் கவிழ்த்தாலும் அவர் போட்ட இலையை மூடியதாகும். அவர் தெரிந்துதான் செய்தார். தெரியாமல் நடந்தது என்று அம்மா இன்றுவரை சொல்கிறாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் போட்டார். எடுத்து விரித்தேன். பதிமூன்று சீட்டில் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தையே இல்லை. ஜோக்கர் இல்லை. ராஜா இரண்டு, ராணி ஒன்று, எல்லாம் வேறு வேறு ஜாதி. இதை ஆடினால் எண்பதுக்குக் குறையாது, நான் காலி. ஒரு சீட்டு எடுத்துவிட்டுக் கவிழ்த்தால் நாற்பது, இருநூற்றைம்பத்தைந்து, அப்போதும் காலி. எடுக்காமல் கவிழ்த்தால் மட்டும் இருநூற்று முப்பத்தைந்தில் உயிர் இருக்கும். கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது. சிலேட்டில் எழுதிக் காட்டியிருந்தால் என் இடத்து மாடு கூடத் தலையாட்டியிருக்கும்.

மாமன் என்னைப் பார்த்தார். "எடு கண்ணு. மாமன் போட்டது. ஒரு சீட்டாவது எடு."

வாசல் வழியாக அப்பா தெரிந்தார். செவலையின் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டிப்போட்டிருக்கும் மாட்டுக்குக் கயிற்றை எதற்குப் பிடிக்க வேண்டும்? பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் பதிமூன்றையும் சேர்த்து, தட்டி, கவிழ்த்து வைத்தேன்.

"ஸ்கூட்டுங்க மாமா."

மாமன் அந்தச் சீட்டுகளைத் தொடாமல் பார்த்தார். "மாமன் போட்டத மூடறியா?"

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். மத்தியானத்திலிருந்து மூடி வைத்த வாய். "எல நல்லாத்தான் இருக்குதுங்க மாமா. சோறுதான் வேகல" என்றேன்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. மாமன் முகம் கருத்துப்போனது. சீட்டுக் கட்டைத் தூக்கிப் பலகை மேல் வீசினார். சீட்டு நாலு பக்கமும் சிதறியது. எழுந்து வெளியே போய், மாட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார்.

டீக்கடைக்காரர் தயங்கினார். "சீட்டப் பத்திப் பேசுனா இருபதுன்னு சொல்லியிருக்குதே." இருபது போட்டால் அந்த இடத்திலேயே ஆட்டம் முடிந்தது.

லாரிக்காரர் கையை ஆட்டினார். "உட்டுருங்க. மாமனும் மாப்ளையும் பேசிக்கிறாங்க. அதுல நாம எதுக்கு."

அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரம். போட்ட அடி வலிக்காது, தூக்கிவிட்ட கை வலிக்கும். மனுஷன் எனக்குப் பிச்சை போடுகிறார், அதுவும் புன்னகையோடு. அந்தச் சூட்டிலேயே அடுத்த கையை எடுத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஆடித் தொலைத்திருப்பேன். டீக்கடைக்காரர் கீழே கிடந்த சீட்டுகளைப் பொறுக்கி எண்ணுவதற்குள் கொஞ்ச நேரம் கிடைத்தது. அதற்குள் ஒன்று தோன்றியது. இவருக்குக் கவிழ்க்கத்தான் பிடிக்கும். இனி நான் கவிழ்க்க முடியாது, அவர் கவிழ்க்கலாம். அப்படியானால் அவரைக் கவிழ்க்க வைக்க வேண்டும். வாயைத்தானே கட்டினார்கள், முகத்தைக் கட்டவில்லையே.

இனி சீட்டுப் போட்டது டீக்கடைக்காரர். அடுத்த கையை எடுத்தேன். அதுவும் குப்பைதான். ஆனால் நான் சட்டென்று மூன்றை இந்தப் பக்கம், நாலை அந்தப் பக்கம் என்று அடுக்கினேன். ஒரு சீட்டைத் தனியாக உருவி, காட்டுவதற்குத் தயாராக இருக்கிறவன் மாதிரி, பலகை விளிம்பில் கவிழ்த்து அதன் மேல் விரலை வைத்துக்கொண்டேன். வாசலுக்கு வெளியே நின்ற அப்பாவைத் திரும்பிப் பார்த்து, கயிற்றை அவிழ்க்கலாம் என்கிற மாதிரித் தலையாட்டினேன். லாரிக்காரர் என் விரலைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

"ஸ்கூட்டுங்க."

இருநூறு. அடுத்த கையில் நான் மனசுக்குள்ளேயே பாட்டுப் பாடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். மறுபடியும் கவிழ்த்தார். இருநூற்று இருபது. அதற்கடுத்த கையில் நான் ஒன்றும் செய்யவில்லை. சும்மா அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டேன். கொட்டாவி விடுகிறவன் கையில் என்ன இருக்கும் என்று அவருக்குப் பிடிபடவில்லை. வெகு நேரம் யோசித்துவிட்டுக் கவிழ்த்தார். இருநூற்று நாற்பது. முதல் தடவையாக அந்தக் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

இனி அவரும் கவிழ்க்க முடியாது. ஒரே கை. யார் முதலில் காட்டுகிறாரோ அவருக்கு மாடு.

அந்தக் கை எனக்கு நல்ல கையாக வந்தது. நிஜமாகவே நல்ல கை. கிளாவரில் நாலு சீட்டு வரிசையாக, ஒரு செட்டு, ஜோக்கரோடு இன்னொரு செட்டு. இதயம் போட்ட ஆட்டினில் ஆறும் ஏழும் பக்கத்துப் பக்கத்தில். ஐந்தோ எட்டோ வந்தால் முடிந்தது. எடுத்தேன், ராஜா. எடுத்தேன், இரண்டு. எடுத்தேன், மறுபடி ராஜா. ஒவ்வொரு தடவையும் பின்னால் எங்கள் ஊர்க்காரர்கள் மூச்சு விடுவது காதில் விழுந்தது. முனகியவர்கள் எல்லோரும் இப்போது என் முதுகோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

லாரிக்காரர் ஒரு சீட்டை எடுத்தார். பார்த்தார். இன்னொன்றை மெதுவாகக் கவிழ்த்து நடுவில் வைத்தார்.

"முடிஞ்சுதுங்க."

விரித்துக் காட்டினார். எல்லாம் சேர்ந்திருந்தது. நான் தேடின ஆட்டின் எட்டு அவர் செட்டின் நடுவில் உட்கார்ந்திருந்தது.

"நல்லா ஆடுனீங்க தம்பி" என்றார். பேசலாம் என்று அனுமதி வந்த பிறகுதான் எனக்கு வாய் அடைத்துப்போனது.

வெளியே எல்லோரும் மாட்டைச் சுற்றி நின்றார்கள். லாரிக்காரர் மாட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "எனக்கு வயலு ஏதுங்க? இத லாரிக்கு முன்னாலயா பூட்டறது?"

சிரித்தார்கள். மாமன் தொண்டையைக் கனைத்தார். "இந்த வருசம் எந் தோட்டத்துப் பலா பூராத்தையும் உங்க லாரிக்கே ஏத்தறேன். மாட்ட இங்கயே உட்டுட்டுப் போங்க."

"ஒரு பழங்கூட வேற லாரிக்குப் போகக்கூடாதுங்க."

"போகாது."

அவ்வளவுதான் பேச்சு. ஒருவர் தலையாட்டினார், இன்னொருவர் தலையாட்டினார். மாமன் நேராக அப்பாவிடம் வந்தார். அப்பா இன்னும் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். மாமன் கையை நீட்டினார். அப்பா கயிற்றை அந்தக் கையில் வைத்தார். செவலை என்னைத் தாண்டிப் போனது. ஒரு தோற்ற மனுஷன் ஒரு மாட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். ஜெயிக்கப் பார்த்த நான் கையை வீசிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வெகு தூரம் வந்த பிறகு சொன்னார். "ஒரு சீட்டு எடுத்திருக்கலாம்."

"எடுத்திருந்தா அங்கயே அவுட்டுங்கப்பா. நாப்பது."

"இப்ப மட்டும் உள்ள இருக்கறியா? அவன் போட்ட சீட்டுக்கே தோத்திருந்தா அவன் மாடாச்சும் வந்திருக்கும்."

"வரும். நாத்து முத்துன பொறவு வரும். எந்த வருசம் அவரு மொதல்ல அனுப்புனாரு, சொல்லுங்க பாப்போம்."

பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா மறுபடி ஜன்னலைப் பார்த்தார்.

மறுநாள் அம்மா தம்பி வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒன்றுமில்லை. "என் கையக் கவுத்தவனுக்கு என் மாடு எதுக்குன்னு கேக்கறான்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீ கவுத்தது சரிதான் சாமி. வாய மூடிட்டுக் கவுத்திருக்கலாம்."

"நான் மூடிட்டுக் கவுத்திருந்தா மாடு வந்திருக்குமாம்மா?"

அவள் யோசித்தாள். யோசித்ததே போதும் எனக்கு. மம்பட்டியை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கினேன். அப்பாவும் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். ஏர் போக வேண்டிய சேற்றை இரண்டு பேரும் வெட்டிப் புரட்டினோம். மம்பட்டியை ஓங்கும்போதெல்லாம் மாமன் மீசை நினைவுக்கு வந்தது. அதனால் நன்றாகவே வெட்டினேன். உள்ளங்கை கொப்புளித்து, உடைந்து, சேற்று நீர் பட்டு எரிந்தது. பக்கத்து வயலில் மாமன் செவலையைப் பூட்டி உழுதுகொண்டிருந்தார். ஒரு தடவை கூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை, திரும்பாமலே அவர் எத்தனை சால் ஓட்டினார் என்று எனக்குத் தெரியும்.

கீழ் வயலை மட்டும்தான் முடிக்க முடிந்தது. நாற்று முற்றுவதற்கு முன்னால் நட்டுவிட்டோம். வலத்து மாடு செத்ததிலிருந்து இளநாற்று நட்டது அந்த வருஷம்தான்.

கடைசிப் பாத்தி நட்டுக்கொண்டிருக்கும்போது வரப்பில் நிழல் விழுந்தது. மாமன் ஒரு மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். செவலை இல்லை, பழைய மாடு. வழக்கம்போலத் தன் வயலையும் பங்காளிகள் வயலையும் உழுது முடித்த பிறகுதான் வந்திருந்தார். முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு, "அக்கா, மாடு ஓட்டியாந்திருக்கறேன்" என்றார்.

எனக்குச் சொல்வதற்கு நாக்கு நுனியில் நாலு வார்த்தை நின்றது. அம்மா குனிந்தபடியே, நிமிராமல், என் காலில் சேற்றை ஒரு கை அள்ளி அடித்தாள். பேசாதே என்று அர்த்தம். பிறகு நாற்று முடியைப் பிரித்துக்கொண்டே தம்பிக்குச் சொன்னாள்.

"மாடு களச்சிருக்கும். ஊட்டுக்கு ஓட்டீட்டுப் போ கண்ணு."

அவர் கயிற்றைக் கையில் சுற்றினார். பிறகு மாட்டைத் திருப்பினார். அம்மா நட்டுக்கொண்டே இருந்தாள். அவள் முதுகு ஆடியதை வைத்து அழுகிறாள் என்று தெரிந்தது. கேட்டால் சேறு தெறித்தது என்பாள்.

மேல் வயலுக்கு எங்கள் கை போதவில்லை. அந்த வருஷம் அது தரிசாகவே கிடந்து, கோரை முளைத்து, இடுப்பு உயரம் நின்றது. யாராவது என்னிடம் அந்தக் கையை இன்னொரு முறை கொடுத்தால் எடுக்காமல்தான் கவிழ்ப்பேன். கணக்கு மாறவே மாறாது. ஆனால் அந்தக் கோரையைப் பார்த்தபடி தினமும் பள்ளத்துக்கு இறங்க வேண்டியிருந்தது. சரியாக ஆடியவன் வயலில் கோரை, தப்பாக ஆடியவன் கொட்டகையில் மூன்று மாடு. இதை யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.